தலைவர் மகனுக்கு இடமில்லை

கிணத்துக்கடவு

அன்புள்ள மாப்பிள்ளை சசிதர் அவர்களுக்கு,

மாமன் லட்சுமணசாமி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா கீதாவும் மகன் மனோஜ்குமாரும் உடம்பளவில் சுகம். மற்ற அளவுகளைக் கடிதத்தைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளவும். அமெரிக்காவில் நீங்களும் தங்கச்சியும் வர்ஷினிக் கண்ணும் நன்றாக இருக்க மாசாணியம்மன் துணை. இந்தக் காலத்தில் தபாலா என்று கேட்பீர்கள். என் போன் உங்கள் அக்காவிடம் இருக்கிறது. இனி எந்தக் குழுவிலும் எதையும் எழுதக் கூடாது என்று பிடுங்கி வைத்துவிட்டாள்.

எல்லாம் உங்களால் ஆரம்பித்தது என்று சொல்ல ஆசைதான். வர்ஷினி அங்கே பரீட்சை எழுதிச் சேரும் பள்ளிக்கு விண்ணப்பித்தபோது, இனம் என்ற கட்டத்தில் ஆசியர் என்று போட வேண்டியிருந்ததையும், ஆசியப் பிள்ளைகள் ஏற்கெனவே அதிகம் என்று விதியை மாற்றப் போவதாகச் சொல்கிறார்கள் என்பதையும் குடும்பக் குழுவில் கொதித்து எழுதியிருந்தீர்கள். "என் மகளின் மார்க்கைப் பாருங்கள், தோலைப் பார்க்காதீர்கள்" என்ற வரியைப் படித்ததும் எனக்கும் ரத்தம் சூடாகிவிட்டது. எனக்குச் சூடாக ஒரு காரணமும் இல்லை என்பது அப்போது தெரியவில்லை.

பொள்ளாச்சி ரோட்டில் எங்கள் தோட்டத்தை ஒட்டி இருக்கிற விடுதிப் பள்ளி உங்களுக்குத் தெரியும். நான் படித்ததும் அங்கேதான். இப்போது அதில் பிளஸ் ஒன் இடம் கிடைப்பது அவ்வளவு லேசில்லை. கோயமுத்தூரிலிருந்தெல்லாம் வந்து நுழைவுத் தேர்வு எழுதுகிறார்கள். சுற்று வட்டாரத்துப் பட்டியல் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று டிரஸ்ட் கொஞ்சம் இடம் ஒதுக்கி வைத்திருந்தது. நான் உங்கள் வரியை நம் ஊருக்கு ஏற்றபடி மாற்றி, "மார்க்கை மட்டும் பார், சாதியைப் பார்க்காதே" என்று, விண்ணப்பித்திருந்த பிள்ளைகளின் பெற்றோர் சங்கத்தில் பேசினேன். கை தட்டினார்கள். ஒரு சால்வை போட்டார்கள். மாப்பிள்ளை, எனக்கு மைக் கிடைத்தால் என்ன ஆகும் என்பது உங்கள் கல்யாணத்திலேயே உங்களுக்குத் தெரியும். சங்கத்துக்குத் தலைவராகி, "எவ்விதச் சலுகையும் இன்றி, தேர்வு மதிப்பெண் ஒன்றையே கொண்டு சேர்க்க வேண்டும்" என்று மனு கொடுத்தேன். அந்த "எவ்விதச் சலுகையும்" என்பது என் சொந்த வாசகம். ஓசை நன்றாக இருந்ததால் போட்டது.

மனு கொடுத்த மறுநாள் ரூபன் வீட்டுக்கு வந்தார். ரூபனை உங்களுக்குத் தெரியாது. அவருடைய அப்பா அம்மா எங்கள் தோட்டத்தில் பண்ணையத்து வேலை செய்தவர்கள். இவர் படித்து, பொள்ளாச்சியில் இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. மகள் சண்முகப்ரியா நம் மனோஜின் வகுப்பு. மனோஜைப் போலவே அவளும் அந்த விடுதிப் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள்.

"ஏனுங்க, அந்த மனுவத் திருப்பி வாங்கிக்க முடியுங்களா?" என்றார்.

"ரூபன், தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு நல்ல உத்தியோகம், கார் எல்லாம் இருக்குதுங்களே. அப்புறம் எதுக்குங்க உங்க புள்ளைக்குத் தனி எடம்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் எதிராளிக்குப் பதில் இருக்காது என்பது என் அனுபவம். அதாவது, அதுவரை எங்கள் ஆட்களிடம் மட்டுமே கேட்டிருந்த அனுபவம்.

அவர் கோபப்படவில்லை. "கார் இருக்குதுங்க. உங்கூட்டுல காப்பியும் குடுக்கறீங்க. ஆனா அது இன்னமும் பேப்பர் கப்புலதானுங்க வருது" என்றார்.

நான் என் கையைப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளர். அவர் கையைப் பார்த்தேன். கதவோரம் நின்ற கீதா, "கொரோனாவுல ஆரம்பிச்ச பழக்கமுங்க" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் இருப்பதில் உங்கள் அக்காவுக்கும் எனக்கும் அப்படி ஓர் ஒற்றுமை அதற்கு முன் இருந்ததில்லை.

டிரஸ்ட் மனுவை அப்படியே ஏற்றுக்கொண்டது. முடிவு வந்தது. கோயமுத்தூர்க் கோச்சிங் சென்டர்ப் பிள்ளைகள் இடத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சண்முகப்ரியா கொஞ்சத்தில் தவறிவிட்டாள். நம் மனோஜ் கொஞ்சத்தில் தவறவில்லை, நிறையவே தவறியிருந்தான். நான் பதறவில்லை. நேராக டிரஸ்ட் செயலாளர் வெள்ளியங்கிரியிடம் போய், "எங்கப்பாரு சீட்டு இருக்குதுங்களே, அதுல போட்டுருங்க" என்றேன். பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் என் தாத்தா அங்கப்பன். அதற்காகத் தலைமுறைக்கு ஒரு பிள்ளைக்குத் தேர்வில்லாமல் இடம் தருவது வழக்கம்.

"அதுதான் ரத்தாயிருச்சுங்களே" என்றார் வெள்ளியங்கிரி.

"யாருங்க ரத்து பண்ணுனது?"

"நீங்கதானுங்க. எவ்விதச் சலுகையும் இன்றி."

"நான் சாதிச் சலுகையச் சொன்னேனுங்க."

"அப்ப இதுக்குப் பேரு என்னங்க?"

பிறந்ததிலிருந்து இருந்ததால் அதற்கு ஒரு பெயர் உண்டென்றே எனக்குத் தோன்றியதில்லை. வீட்டுக்கு வந்தால் மனோஜ் கேட்கிறான்: "நீங்க எத்தன மார்க் வாங்கி அங்க சேந்தீங்கப்பா?" நான் தேர்வே எழுதவில்லை என்று சொன்னேன். அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

மறுநாள் ரூபன் வீட்டுக்குப் போனேன். பக்கத்தில்தான் இருக்கிறது; ஆனால் இந்த வயது வரை அந்த வாசற்படி ஏறியதில்லை. அவருடைய மனைவி பித்தளை டவராவில் காப்பி கொடுத்தார். அதைக் கையில் வாங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

"பையனுக்குக் கெடைக்கலைன்னு வந்தீங்களா?" என்று கேட்டார் ரூபன்.

"ஆமாங்க."

முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். "உண்மையச் சொல்லிப்போட்டீங்க. வாங்க, ரெண்டு பேருமே போலாம்."

டிரஸ்ட் கூட்டத்தில் அவர்தான் பேசினார். மைக் இல்லாமல், மெதுவாக. "கேள்வித்தாள் எல்லாருக்கும் ஒன்னுதானுங்க. அதுக்கு முன்னால இருக்கற வருசமெல்லாம் ஒன்னு இல்லீங்க" என்றார். அவ்வளவுதான். யாரும் கை தட்டவில்லை. ஆனால் யாரும் எதிர்த்தும் பேசவில்லை. பட்டியல் வகுப்பு இடங்களைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவானது. அப்புறம் வெள்ளியங்கிரி என் பக்கம் திரும்பி, "உங்கப்பாரு சீட்டு என்னங்க பண்ணலாம்?" என்றார். பக்கத்தில் ரூபன் இருந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்துவிட்டது. "அது வேண்டாமுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன் என்பதையும் உங்களுக்கு மறைக்கவில்லை.

சண்முகப்ரியா சேர்ந்துவிட்டாள். மனோஜ் நம் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணினிப் பிரிவில் இருக்கிறான். நன்றாகத் தூங்குகிறான், பசித்துச் சாப்பிடுகிறான், சந்தோஷமாக இருக்கிறான். கீதா என்னோடு பேசுவதில்லை. போனைத் தருவதாகவும் இல்லை. இருந்தாலும் மாப்பிள்ளை, வாழ்க்கையில் ஒரு தடவையாவது நியாயத்தின் பக்கம் நின்றவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஒன்று ஆயிற்று. வர்ஷினி விஷயத்திலும் நிதானமாக யோசியுங்கள். நம் கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் கொதிக்கலாம்.

மாசாணியம்மன் உங்கள் குடும்பத்துக்குச் சகல சுகமும் தரட்டும். குழந்தைக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
லட்சுமணசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது கீதா பேசிவிட்டாள். அந்தப் பள்ளியில் வெளிநாடு வாழ் இந்தியர் இடம் என்று ஒன்று இருக்கிறதாம். தாய்மாமன் அமெரிக்காவில் இருந்தாலே போதுமாம். அது சலுகை கிடையாது, தனிக் கட்டண முறை என்று வெள்ளியங்கிரியே சொன்னாராம். உங்கள் பாஸ்போர்ட் நகலை உடனே அனுப்பவும். ரூபனுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். மனோஜ் சந்தோஷமாக இருக்கிறான் என்று மேலே எழுதியது உண்மைதான். அதனால் அவனுக்கும் தெரிய வேண்டாம்.