தொன் ஹெலாசியோவின் வேகத் துப்பாக்கி

வியாழக்கிழமை பிற்பகல் என்றால் எங்கள் ஊரில் சர்க்கரை ஆலையின் சங்கு ஊதுவதுகூட யார் காதிலும் விழாது. கரும்பு வெட்டுகிறவர், முடி வெட்டுகிறவர், வேலிச் சண்டையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளத் திரிகிறவர், எல்லோரும் பேஸ்பால் திடலின் கம்பி வலைக்குப் பின்னால் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். தோன்யா மினெர்வா எண்ணெய்ச் சட்டியை அங்கேயே வைத்து யானிகேக்கே என்கிற மாவு அப்பத்தைப் பொரித்துப் போடுவார். கூட்டம் கடிக்கும், கழுத்தை நீட்டும், மறுபடி கடிக்கும். யார் வரவுக்காக? தொன் ஹெலாசியோ வரவுக்காக.

வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைத் தொப்பி. உள்ளே என்ன நிறமோ, அதை யாரும் கேட்டதில்லை. ஒரு கையில் தைலப் புட்டி. இன்னொரு கையில் வேகத் துப்பாக்கி. பயப்படாதீர்கள் கண்மணிகளே, அது சுடாது. வருகிற பந்துக்கு நேராக நீட்டினால் மணிக்கு எத்தனை மைல் என்று சிவப்பு எண்ணில் காட்டும், அவ்வளவுதான். ஆனால் எங்கள் தீவில் பந்து எறிகிறவனுக்குத் தலையெழுத்தே அந்தச் சிவப்பு எழுத்துத்தான். தொண்ணூற்றைந்து என்றால் வடக்கேயிருந்து விமானச் சீட்டு வரும். எண்பத்துநான்கு என்றால் கரும்புக் காடு கூப்பிடும்.

தொன் ஹெலாசியோ முதலில் சும்மா ஒரு பந்தை எறியச் சொல்வார். எழுபதோ எண்பதோ காட்டும். உதட்டைப் பிதுக்குவார். "ஃபுக்கு!" என்பார். அந்தப் பீடையின் பெயரைக் கேட்டாலே கூட்டம் சிலுவை போட்டுக்கொள்ளும். பிறகு தைலம் தடவி, மூன்று முறை ஊதி, மறுபடி எறியச் சொல்வார். தொண்ணூற்றைந்து!

யாருக்குத் தடவினாலும் தொண்ணூற்றைந்துதான். முடி வெட்டும் மாறுகண் ரமீரோவுக்கும் தொண்ணூற்றைந்து. விளையாட்டுக்கு எறிந்து பார்த்த பாதிரியாருக்கும் தொண்ணூற்றைந்து. எல்லோருக்கும் எப்படி ஒரே எண் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றிய ஒருவரும் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொண்டார்: "கடவுளுக்குப் பாரபட்சம் கிடையாதுல்ல!"

இந்தத் தைலத்தில் கையையும் மனசையும் ஊற வைத்திருந்தவன் எவாரிஸ்தோ.

பதினேழு வயதில் வடக்கே போனவன். சின்னச் சின்னக் குழுக்களில் ஏழு வருஷம், குளிரில் விறைத்த பேருந்துப் பயணங்கள், உச்சியில் இருக்கிற பெரிய லீக்கில் ஒரே ஒரு மாதம். அந்த ஒரு மாதத்தின் படம் இன்னும் அவன் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பிறகு ஊர் திரும்பி, குளிர்கால லீக்கில் காலம் தள்ளினான். முப்பத்துமூன்று வயதில் அவர்களும் விட்டுவிட்டார்கள். இப்போது வருகிற சனிக்கிழமை தலைநகர்க் குழுவிலிருந்து ஓர் ஆள் அவனைப் பார்க்க வருகிறார். கடைசி வாய்ப்பு.

முழங்கையோ உள்ளுக்குள் பல்வலி மாதிரிக் குடைந்தது. மருத்துவமனையில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார்: "நார் பாதி அறுந்திருக்கு. மூணு மாசம் பந்தைத் தொடாதீங்க. மீறி எறிஞ்சா மீதியும் போயிடும், அப்புறம் எப்பவும் எறிய முடியாது." தொன் ஹெலாசியோ அதைக் கேட்டுச் சிரித்தார். "வலி வருதுன்னா ஃபுக்கு வெளிய வருதுன்னு அர்த்தம், மகனே. வியாழக்கிழமை முழு வேகத்துல இருபது பந்து எறி. உதறி விட்டுடலாம்."

டாக்டர் படத்தைக் காட்டினார். ஹெலாசியோ தொண்ணூற்றைந்தைக் காட்டினார். எவாரிஸ்தோ எதை நம்புவான் என்று நினைக்கிறீர்கள்?

அவனுக்கு ஒரு கேட்சர் உண்டு, பெயர் செனோன். தெருவில் துணிப்பந்து எறிந்த நாளிலிருந்து எவாரிஸ்தோவின் பந்தைப் பிடிக்கிறவன். எவாரிஸ்தோ மகளுக்கு ஞானத்தந்தையும் அவனே. பருத்த உடம்பு, வளைந்த விரல்கள், நாக்கு மட்டும் நேர்.

"மாப்ள, தொண்ணூத்தஞ்சு வந்தா என் உள்ளங்கை எரியும். உன் பந்து இப்ப வந்து கை குலுக்கிட்டுப் போகுது."

"துப்பாக்கி பொய் சொல்லுமாடா?"

"துப்பாக்கி சொல்லாது. அதைப் பிடிச்சிருக்கிற கை?"

"உனக்குப் பொறாமை. மூணு மாசம் உக்காந்தா சனிக்கிழமை வர்ற ஆளு எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பானா? நீ வாய மூடிக்கிட்டுப் பந்தைப் பிடி."

வாரம் முழுக்க இதே பேச்சு. செனோன் சொல்லுவான், எவாரிஸ்தோ தலையை ஆட்டி மறுப்பான். கடைசியில் செனோன் சொல்வதை நிறுத்திக்கொண்டான். எவாரிஸ்தோவுக்கு அதில் கொஞ்சம் நிம்மதி, கொஞ்சம் ஏமாற்றம்.

வியாழக்கிழமை வந்தது. முதல் பந்து எண்பத்துநான்கு. "ஃபுக்கு!" தைலம், ஊதல். எவாரிஸ்தோ மண்மேட்டில் ஏறினான். எதிரே செனோன் குந்தினான். அவனுக்குப் பின்னால், வலையோரம், தொன் ஹெலாசியோ துப்பாக்கியை உயர்த்தினார். இனி இருபது பந்து, முழு வேகத்தில். முழங்கை இப்போதே துடித்துக்கொண்டிருந்தது.

செனோன் தொடைகளுக்கு நடுவே சைகை காட்டினான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. அவன் விரல் நீட்டவில்லை. முஷ்டியை மூடிக் காட்டினான். எறிவதுபோலக் காட்டு, பந்தைக் கையுறைக்குள்ளேயே வைத்துக்கொள்: சின்ன வயதில் தெருவில் எதிரியை ஏமாற்ற இவர்களே வைத்துக்கொண்ட சைகை.

எவாரிஸ்தோ தலையசைத்து மறுத்தான். மறுபடி முஷ்டி. மறுபடி மறுத்தான். கூட்டம் முணுமுணுத்தது. மூன்றாம் முறையும் முஷ்டி. செனோன் கண்ணில் கேலி இல்லை, கெஞ்சல் இருந்தது. எவாரிஸ்தோவின் வாய் எத்தனையோ முறை அவனோடு சண்டை போட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கை கேட்ட பந்தைத்தான் இந்தக் கை இத்தனை வருஷமும் கொடுத்து வந்திருக்கிறது. எவாரிஸ்தோ மெல்லத் தலையை ஆட்டினான். சரி.

காலைத் தூக்கினான், உடம்பைச் சுழற்றினான், வெறுங்கையைத் தளர்வாக வீசினான். பந்து கையுறைக்குள் பத்திரமாக இருந்தது. செனோன் தன் கையுறையில் ஒரு குத்து விட்டான். பட்!

"தொண்ணூற்றைந்து!" என்று தொன் ஹெலாசியோ முழங்கினார்.

கூட்டம் குதித்தது. ஒருவர் தொப்பியை வானத்தில் எறிந்தார். "பாம்பு மாதிரி சீறிக்கிட்டுப் போச்சுடா!" என்றான் ரமீரோ. "நான் காத்தையே உணர்ந்தேன்!" என்றார் பக்கத்தில் நின்றவர்.

செனோன் எழுந்தான். கையுறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினான். கொஞ்சம் மண் விழுந்தது.

"எல்லாரும் பாத்தீங்கல்ல? பந்து எங்க?"

எவாரிஸ்தோ மண்மேட்டிலிருந்தபடியே தன் கையுறையைத் திறந்து பந்தை உயர்த்திக் காட்டினான்.

கூட்டத்தின் கழுத்தெல்லாம் தொன் ஹெலாசியோ பக்கம் திரும்பியது.

தொன் ஹெலாசியோ தொண்டையைக் கனைத்தார். "அது... பந்தோட ஆவி முன்னாடி போயிடுச்சு. தைலத்தோட வீரியம் அப்படி."

"அப்படியா?" என்றார் தோன்யா மினெர்வா, கரண்டியோடு எழுந்து. "அப்ப என் முழங்காலுக்குத் தைலம் குடுத்துட்டு வாங்கிட்டுப் போனியே ரெண்டு கோழி, அதத் திருப்பிக் குடு. ஆவிய நீயே வச்சுக்க."

சிரிப்பு வெடித்தது. அந்தச் சிரிப்பில் செனோன் துப்பாக்கியைப் பிடுங்கிவிட்டான். விசைக்குக் கீழே ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினான்: தொண்ணூற்றைந்து. வானத்தை நோக்கி அழுத்தினான்: தொண்ணூற்றைந்து. சட்டியை நோக்கி: தொண்ணூற்றைந்து. முன்பு எப்போதோ அளந்து சேமித்து வைத்த எண்ணைத் திரும்பக் காட்டுகிற பொத்தான் அது.

"எதை அளந்து வச்ச, பெரியவரே?"

தொன் ஹெலாசியோ தொப்பியைக் கழற்றினார். "தலைநகர் போற... பஸ்ஸு."

அந்த வேகத்தில் ஓட்டுகிற ஓட்டுநர்கள் எங்கள் நெடுஞ்சாலையில் உண்டு என்பதால் அதை மட்டும் எல்லோரும் உடனே நம்பினார்கள். "அடப்பாவி, ஆறு மாசமா நாம கை தட்டினது பஸ்ஸுக்கா!" என்று ரமீரோ தலையில் அடித்துக்கொண்டான்.

எவாரிஸ்தோ சிரிக்கவில்லை. மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டான். செனோன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப என் நிஜ வேகம் எண்பத்துநாலுதானா?"

"கை அறுந்து கிடக்கும்போதே எண்பத்துநாலு, மாப்ள. ஆறவிட்டுப் பாப்போம்."

சனிக்கிழமை தலைநகரத்து ஆள் வந்தார். எவாரிஸ்தோ கழுத்தில் கட்டிய துணியில் தொங்கிய கையோடு போய் டாக்டர் எடுத்த படத்தைக் காட்டினான். அவர் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். மூன்று மாதம் வீட்டில் அவனைச் சமாளித்தவர்களுக்குத்தான் பதக்கம் கொடுக்க வேண்டும். அடுத்த குளிர்காலத்தில் வேறொரு குழு அவனை எடுத்துக்கொண்டது. எண்பத்தேழுக்கு மேல் ஒரு மைல்கூட ஏறவில்லை. ஆனால் கடைசி நேரத்தில் தூங்கி விழுகிற ஒரு மெதுவான பந்தை செனோனோடு சேர்ந்து பழகிக்கொண்டான். அடிக்க வந்தவர்கள் காற்றை அடித்துவிட்டுப் போனார்கள்.

தொன் ஹெலாசியோ இப்போது மலைப்பக்கம் ஓர் ஊரில் சண்டைச் சேவல்களுக்குத் தைலம் தடவுகிறாராம். நல்ல கூட்டமாம். எங்கள் ஊரிலும் ரமீரோ ஒவ்வொரு முறை கத்தரிக்கோல் பிடிக்கும்போதும் சொல்கிறான்: "என்ன இருந்தாலும் அன்னிக்கு அந்தப் பந்து சீறினது நெஜம்தாங்க!"

அவனைத் திட்டாதீர்கள், கண்மணிகளே. வராத பந்துக்குக் கை தட்டாதவர் நம்மில் யார்? அடுத்த முறை யாராவது வெள்ளைச் சட்டை போட்டு வந்து உங்களிடம் ஓர் எண்ணைக் காட்டினால், தட்டுவதற்குக் கையைத் தூக்குங்கள், பரவாயில்லை. ஆனால் இரண்டு கையும் சேர்வதற்கு முன்னால் வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேளுங்கள்:

பந்து எங்கே?