இயந்திரக் கைக்குப் போட்ட சம்பங்கி மாலை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை பால்துரை அவர்களுக்கு,

முத்தையாபுரத்திலிருந்து அத்தான் மகாராஜன் எழுதுவது. முட்டுவலி நீங்கலாக இங்கே சகலமும் நலம். துபாயில் தாங்களும் பேச்சிச்செல்வியும் நலமாயிருக்கச் செந்தூர் முருகன் துணையிருப்பான்.

நேற்றுத் துறைமுகத்தில், தங்கள் அக்காள் மகள் இந்துமதி செய்த இயந்திரக் கைக்குப் பரீட்சை. கரையேற்றின கப்பலுக்கு அடியில் நின்று, மேல்நோக்கி உப்புத்தாளால் துருவைத் தேய்க்கிற கை அது. அதிகம் அழுத்தினால் தகடு தேயும், லேசாகத் தொட்டால் துரு போகாது. எவ்வளவு அழுத்தணும் என்று தொட்டுத் தொட்டு அதுவே படித்துக்கொள்ளுமாம். அதற்குப் பெயர் நியூரல் நெட்வொர்க். கப்பல் கம்பெனிக்குப் பிடித்தால் இங்கேயே இருப்பேன், இல்லையென்றால் ஜெர்மனிக்குப் போயிருவேன் என்று சொல்லிவிட்டாள். உன் அக்காளும் கண்ணை மூடின பிறகு எனக்கு அவளை விட்டா யார் இருக்கா, நீயே சொல்லு.

அப்புறம் கையைக் கட்டிக்கிட்டு நிற்க முடியுமா? லாரி வாங்கினாலே மாலை போடாமல் நாம் எடுப்பதில்லை. அவள் டீ சொல்லப் போன நேரம், சந்தனம் குங்குமம் வைத்து, கனமான சம்பங்கி மாலையை அதன் மணிக்கட்டில் சாத்திவிட்டேன். அழுத்தத்தை அளக்கிற சென்சார் அங்கனதான் இருக்காம், எனக்கு என்ன தெரியும்? கம்பெனி மேனேஜர், காயல்பட்டினத்து ஜக்கரிய்யா, வந்து நிற்காரு, இவ பட்டனைத் தட்டுதா, கை கப்பலைத் தொட்டும் தொடாமலும் வெடுக்குன்னு கீழே இறங்குது. மாலையோட பாரத்தைக் கப்பல்தான் அழுத்துதுன்னு நினைச்சுப் பயந்துட்டு. திரும்பப் போகுது, திரும்ப இறங்குது. “சென்சார் மேலயா மாலை போடுவீங்க, யப்பா?” என்று கேட்கும்போதே பிள்ளைக்குக் கண் கலங்கிட்டு. ஐயோ என்று மாலையைக் கழற்றப் போனேன். “இருக்கட்டும் அண்ணாச்சி, என்ன செய்யுதுன்னு பாப்போம்” என்று மேனேஜர் தடுத்தார். கொஞ்ச நேரத்துல கைக்கு மாலை பழகிப்போச்சு பாரு! துரு மாவா உதிருது, தகட்டுல ஒரு கீறல் இல்ல. “வேலை எடத்துல கயிறு, பாசின்னு எதுவும் வந்து தொங்கத்தான் செய்யும். இது பழகிக்கிடுதே, அதான் வேணும்” என்று அங்கேயே ஆர்டர் கொடுத்துட்டார்.

ஆக, பிள்ளை ஊரை விட்டுப் போகவில்லை. நேற்று நல்லாத் தூங்கினேன். இனி இவளுக்கு உள்ளூரிலேயே மாப்பிள்ளை பார்க்கலாம், நீ அங்கே யாரிடமும் பேச்செடுக்க வேண்டாம்.

இருவரும் நோய்நொடி அண்டாமல் மனம் நிறைந்து வாழ ஆசீர்வதிக்கும்,
அத்தான் மகாராஜன்

பின்குறிப்பு: ஒட்டப்போன கவரைப் பிடுங்கி இந்து வாசித்துவிட்டாள். ஆர்டர் துபாய்த் துறைமுகத்துக்காம்! வருஷம் முழுக்க அங்கனதான் வேலையாம். “அப்பம் நான்?” என்றேன். “ஒங்கள ஒத்தையில விட்டுட்டுப் போவனா? நாளைக்குப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுக்கணும், மொதல்ல தாடியை எடுங்க” என்கிறாள். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. உன் வீட்டில் ஒரு அறையை ஒழித்து வை. நான் சவரம் பண்ணப் போகிறேன்.