கணினிச் சித்தரும் சூட்டு தோஷமும்

மலையகத்து நோர்வூட் டவுனில் அந்த வாரம் கோயிலுக்குப் போன கூட்டத்தைவிடக் கல்யாண மண்டபத்துக்குப் போன கூட்டம்தான் அதிகம். சும்மா போகவில்லை. மழைக்கோட்டில் சுற்றிய கம்ப்யூட்டரைக் கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு போனார்கள். உள்ளே ஒரு பாயில் கணினிச் சித்தர் எழுந்தருளியிருந்தார். காவி வேட்டி, உருத்திராட்சம், அதன் நடுவே நான்கு பென்டிரைவ். சூடேறி அணைந்துபோகும் கம்ப்யூட்டர்களுக்குத் தோஷம் இறக்குகிற வரம் வாங்கியவராம். எந்தக் கடவுள் அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.

வரிசையில் ஜீவராஜும் நின்றான். டவுனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருப்பவன். நாகலெட்சுமியக்கா மகளின் கல்யாண வீடியோ அவன் கம்ப்யூட்டரில்தான் கிடந்தது. கட்டாருக்கு வேலைக்குப் போன அக்காவின் புருசன், மகள் கல்யாணத்துக்கே வர முடியாதவர், வீடியோவாவது வருமென்று தினமும் போன் எடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் வெட்டி ஒட்டிய துண்டுகளை முழுப் படமாக எழுதப் போட்டால் பத்தாவது நிமிடம் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்துவிடும்.

இரண்டு வாரத்துக்கு முன் ஹட்டனில், புரொசசரின் சூட்டை இறக்குகிற ஒரு பெரிய கூலர் வாங்கி, பழையதைக் கழற்றித் தானே பூட்டியிருந்தான். அன்றிலிருந்துதான் இந்தக் கூத்து. ஆனாலும் தன் கைவேலையில் பிழை இருக்குமென்று அவனுக்குத் தோன்றவில்லை. கண்ணூறு என்பது எவ்வளவு வசதியான சாமான்!

அவன் மெசினுக்குச் சித்தர் ஏற்கெனவே ஒருமுறை பூசை போட்டிருந்தார். எலுமிச்சம்பழம் சுற்றி, பெட்டிக்குள் விபூதி தூவி, திரையில் முருகன் படத்தை வரவழைத்தார். படம் அசையாமல் நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. “மூணு நாளைக்கு மெசினுக்கு விரதம். ஒரு வேலையும் குடுக்கக் கூடாது” என்று உத்தரவு வந்தது. நான்காம் நாள் வேலை கொடுத்தான். அணைந்தது. “விரதத்துல என்னமோ கொற வச்சிட்ட” என்றார் சித்தர். பழி பக்தன் தலையில். தட்சணை சித்தர் மடியில்.

இது இரண்டாம் பூசை. இந்த முறை நாகலெட்சுமியக்காவோடு மனைவி சண்முகவடிவும் கூடவே வந்துவிட்டாள். தேயிலை பெக்டரியில் கொழுந்து காய வைக்கிற டிரையர் மெசினைப் பார்த்துக்கொள்பவள். சூட்டைப் பற்றி அவளிடம் யாரும் கதை விட முடியாது.

முருகன் திரையில் வந்தார். கூட்டம் கும்பிட்டது. வடிவு மட்டும் கும்பிடவில்லை.

“சாமி, தோஷம் போயிருச்சுங்களா?”

“போயிருச்சு தாயி.”

“அப்ப இங்கனயே அந்தக் கல்யாண வீடியோவ எழுதப் போடலாங்களா? இவுங்க எல்லாரும் பாக்கட்டும். ஏங்க, சூடு காட்டுற நம்பரயும் ஸ்கிரீன்ல போடுங்க.”

ஜீவராஜ் அவள் காதருகே குனிந்தான். “வடிவு, சாமி கோவிச்சுக்குவாரு...”

“எந்தச் சாமிங்க? படத்துல இருக்கவரா, பாயில இருக்கவரா?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜீவராஜ் வீடியோவைப் போட்டான். சூடு நாற்பத்தெட்டிலிருந்து எழுபதுக்கு ஏறியது. ஒன்பதாவது நிமிடம் தொண்ணூறு. சித்தர் பாயைவிட்டு எழுந்தார்.

“நிப்பாட்டு தாயி! வேலை குடுத்தா அணைஞ்சிரும்!”

கூட்டம் சித்தரைத் திரும்பிப் பார்த்தது. தோஷம் இறக்கியவர் வாயாலேயே வந்த வார்த்தை அது.

“அது ஒங்களுக்கு மொதல்லயே தெரியுங்களா?” என்றாள் வடிவு.

பதில் வருவதற்குள் நம்பர் நூறைத் தொட்டது, திரை இருண்டது. முருகனும் போனார், மாப்பிள்ளையும் போனார்.

வடிவு பிளக்கைக் கழற்றிவிட்டு, திறந்திருந்த பெட்டிக்குள் கூலரின் தகடுகளைத் தொட்டாள். “ஏங்க, இங்க தொட்டுப் பாருங்க. நம்பரு நூறு காட்டுச்சு. இது ஆறிப்போன தேத்தண்ணி கணக்கா இருக்கு. அடியில வேகுது, சூடு மேல வரவே இல்ல. நடுவுல என்னமோ மறிக்குது.”

ஜீவராஜ் ஸ்க்ரூவைக் கழற்றினான். கூலர் கையோடு வந்தது. அதன் அடிப்பக்கச் செம்பில், பளபளவென்று, ஒரு பிளாஸ்டிக் தாள். “பூட்டுவதற்கு முன் உரித்துவிடவும்” என்று அதிலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அவன் காது சிவந்தது.

“இதான் அந்தத் தோஷம்” என்று வடிவு அதைத் தூக்கிக் காட்டினாள். மண்டபம் அதிரச் சிரிப்பு.

கூலரோடு வந்த, சூட்டை மேலே கடத்துகிற சாம்பல் நிறப் பசையை, ஒட்டுகிற கோந்து என்று நினைத்து, ஸ்டூடியோ மேசையின் லாச்சியை இழுத்து உள்ளே போட்டு வைத்திருந்தான். ஓடிப்போய் எடுத்து வந்தான். தாளை உரித்து, இரண்டு பக்கமும் துடைத்து, புரொசசர் மேல் பட்டாணியளவு பசை வைத்து, கூலரை உட்கார வைத்தான். ஒரே மூலையை இறுக்காமல், எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்க்ரூவைத் திருகினான். விசிறி வயரை அதன் இடத்தில் செருகினான். விசிறியை அடைத்திருந்த விபூதியைத் தூரிகையால் தட்டிவிட்டான்.

மறுபடியும் வீடியோ. ஐம்பது. அறுபது. அறுபத்தெட்டில் நின்றது. அரை மணி நேரம் நின்றது. கடைசி வரை எழுதி முடிந்ததும் நாகலெட்சுமியக்கா அங்கேயே போனை எடுத்து, “வீடியோ வருதுங்க!” என்று கட்டாருக்குக் கத்தினாள். ஜீவராஜுக்குக் கண் கலங்கியது. வெட்கத்திலா, சந்தோசத்திலா என்று அவனுக்கே தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தால் பாய் இருக்கிறது, சித்தரைக் காணோம். பூண்டுலோயா போகிற வேனில் ஏறினாராம். வேட்டி மட்டும்தான் காவி. ஓட்டம் நல்ல ஓட்டமாம்.

கதை அதோடு முடியவில்லை. வரிசையில் நின்ற ஒருவர் எலுமிச்சம்பழத்தை வடிவின் காலடியில் வைத்துக் கைகூப்பினார். “தாயி, எம் மெசினுக்கும் ஒரு அருள் வாக்கு...”

வடிவு பழத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். “இதப் புழிஞ்சு குடிங்கண்ணே. குடிச்சிட்டு ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வாங்க. கும்புடுறதுக்கு இல்ல, தொறந்து பாக்குறதுக்கு. மெசின மட்டும் இல்ல, மண்டையவும் அப்பப்பத் தொறந்து பாக்கணும்.”