மச்லி அண்ணாச்சியின் கண்ணாடித் தொட்டி

கடலை நக்கிப் பார்த்து மார்க் போட்ட ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, மச்லி அண்ணாச்சிதான். அந்தமானில், ஹேடோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அறுபதுகளில் குவார்ட்டர்ஸில் அவரும் நானும் ஒரே அறை. இந்தியில் மீனுக்கு மச்லி. அந்தப் பெயர் வரக் காரணம், ஜன்னலோரம் அவர் வைத்திருந்த கண்ணாடித் தொட்டி. உள்ளே பவளக்கல், ஒரு கடல்பூ, அதற்குள் ஒளிந்து விளையாடும் ஓர் ஆரஞ்சு மீன். வாசலில் அவ்வளவு பெரிய கடல் சும்மா கிடக்க, அதில் நாலு வாளியை வீட்டுக்குள் வைத்து அழகு பார்த்தார் மனிதர்.

காலையும் மாலையும் சைக்கிள் பம்பால் தண்ணீருக்குள் காற்றடிப்பார். சைக்கிள் எங்கள் இருவரிடமும் கிடையாது.

ஒரு கோடையில் மீன் சாய்ந்து படுத்துவிட்டது. கடல்பூவும் சுருங்கிப்போனது. அண்ணாச்சிக்கோ மூன்று வருஷம் கழித்து லீவு கிடைத்து, வெள்ளிக்கிழமை மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் கையில் இருந்தது. தூத்துக்குடியில் அம்மா காத்திருந்தார்.

"இது இப்படிக் கெடக்கையில நான் எப்படிலே கப்பலேறுவேன்?" என்றார்.

ஆராய்ச்சி தொடங்கியது. தீனி அதிகமோ என்று மீனைப் பட்டினி போட்டார். வெயில்தான் காரணம் என்று என் ஒரே போர்வையை ஜன்னலில் கட்டினார். என் பீடிப் புகைமேல் பழி போட்டார், பீடியை விட்டேன். மீன் எழுந்திருக்கவில்லை. தொட்டியில் தண்ணீர் குறையக் குறைய, படகுத்துறையிலிருந்து கடல்நீரை மொண்டு வந்து ஊற்றிக்கொண்டே இருந்தார்.

வியாழக்கிழமை, தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருந்ததைச் சுரண்டி நாக்கில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணிதானலே வத்தும், உப்பு எங்க போவும்? உப்பளத்துல பொறந்த பய, வீட்டுக்குள்ளயே உப்பளம் போட்டுட்டேனே!"

குழாயில் ஒரு மணிநேரம்தான் தண்ணீர் வரும் காலம். தொட்டியிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொட்டுவார், எங்கள் குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு சொம்பு ஊற்றுவார், நக்கிப் பார்ப்பார். "இன்னும் கரிக்குதுலே." பானை காலியாகும்வரை தாகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை மீன் நீந்தியது. அண்ணாச்சி அழுதேவிட்டார்.

கப்பலேறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "தெனம் அரைச் சொம்பு நல்ல தண்ணி ஊத்துலே. நீ குடிக்காட்டாலும் பரவால்ல."

அம்மா படுத்த படுக்கையாகிவிட, அவர் திரும்பி வரவேயில்லை. கடிதம் மட்டும் வரும். முதல் வரியே, "மீன் சுகமா? உப்பு பார்த்தியா?" என்னை விசாரிப்பது கடைசி வரியில்.

இரண்டாம் வருஷம் மீன் செத்துப்போனது. அதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிறகு எத்தனையோ வருஷம், அவர் கடிதம் வந்ததும் படகுத்துறைக்குப் போய், கடலில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்துதான், "சுகம் அண்ணாச்சி, உப்பு சரியாக இருக்கிறது" என்று எழுதுவேன்.