அத்தான் கம்பெனிக்கு நான் போட்ட மார்க்

அரைகுறையாகப் படித்தவனால் குடும்பத்துக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. முழுசாகப் படித்துவிட்டு, அதை இடம் பொருள் பார்க்காமல் ஒப்பிக்கிறவனால்தான் குடி முழுகும். சந்தேகமிருந்தால் என் அக்காவைக் கேளுங்கள்.

அக்காவின் கணவர், அதாவது அத்தான், குரும்பகரத்து நிலத்தை அடமானம் வைத்து காரைக்காலில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்தினார். நானும் அங்கேதான் வேலை பார்த்தேன். (வேறு எவனும் எனக்கு வேலை தரவில்லை என்பது கொசுறுத் தகவல்.) சென்னையிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வருவதாக இருந்தது. வந்தால் நிலம் மீளும். வராவிட்டால் கம்பெனிக்குப் பூட்டு. அவர்கள் கேட்டது ஒன்றுதான்: உங்கள் வேலைமுறை எவ்வளவு பக்குவப்பட்டது என்று அளந்து காட்டுங்கள்.

அளப்பதற்கு இரண்டு முறைகள் கண்ணில் பட்டன. ஒன்று, கம்பெனி மொத்தத்துக்கும் ஒரே படி கொடுக்கும்; அதில் ஆகக் கீழான படியே ஒன்று, பூஜ்யம் கிடையாது. மற்றது, ஒவ்வொரு வேலையையும் தனித்தனியாக எடைபோடும். அதில் பூஜ்யமும் உண்டு. ராப்பகலாக இரண்டையும் ஒப்பிட்டேன். நாங்கள் சோதனை செய்கிற லட்சணம் இது: புரோகிராமை நேராக வாடிக்கையாளருக்கு அனுப்புவோம், அவர் போனில் திட்டினால் பிழை இருக்கிறது என்று அர்த்தம்.

“மாப்ள, எதுல நமக்கு மார்க்கு கூட வரும்?” என்றார் அத்தான்.

“முதலாவதுல ஒண்ணு வரும் அத்தான். அதுக்குக் கீழ அவங்க போடவே மாட்டாங்க.”

“அப்ப அதப் பத்தி மட்டும் பேசு. ஒண்ணாம் படியில நிக்கிறோம், ஏறிக்கிட்டிருக்கோம்னு சொல்லு. பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, பொண்ணுக்கு என்னென்ன தெரியாதுன்னா சொல்லுவோம்?”

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அக்கா வடையும் காபியும் கொடுத்தனுப்பியிருந்தாள். நான் பேசினேன். வந்தவர்களில் மூத்தவரான ஓர் அம்மாள் தலையாட்டிக் கேட்டுவிட்டு, “ஏங்க இந்த முறைய எடுத்தீங்க?” என்றார்.

ஆகா, படித்ததைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டார்! சனி என் நாக்கில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

“இதுல யாருக்குமே ஒண்ணு கெடச்சிரும் மேடம். இன்னொன்னு ரொம்பக் கறார். அதுல சோதனை, திட்டமிடல் எல்லாத்துலயும் நமக்குப் பூஜ்யம்!”

அத்தான் கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். அந்த அம்மாள், “உண்மையச் சொன்னதுக்கு நன்றிங்க” என்று எழுந்துகொண்டார்.

கம்பெனி மூடியது. நிலமும் போனது. அத்தான் மஸ்கட்டில் ஒரு குடோனுக்குக் கணக்கு எழுதப் போனார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை, பாவி மனுஷன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

வீட்டு விசேஷங்களில் யாராவது என்னிடம், “சாம்பாருக்கு உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டுவிட்டால் போதும், அக்கா கரண்டியோடு வந்துவிடுவாள். “அவங்கிட்டயா கேக்குறீங்க? பூஜ்யம் போட்டுருவான். அப்புறம் ஒங்க வீட்டுக்காரரும் மஸ்கட்டுக்குத்தான் போவணும்!” பந்தியே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

போன பொங்கலுக்கும் சித்தி அதே கேள்வியைக் கேட்டார். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் கரண்டியோடு அடுத்த இலைக்குப் போய்விட்டாள். அத்தானுக்கு அந்த முறையும் லீவு கிடைக்கவில்லை.