பல் தேய்க்காத காலை

மயிலாப்பூர்,
7.2.1996

அன்புள்ள வேதா அக்காவுக்குப் பத்மாசனி அநேக நமஸ்காரம். இங்கே என் கீழ்வரிசைப் பற்கள் நீங்கலாக எல்லோரும் சௌக்கியம். நாகபுரியில் நீயும் அத்திம்பேரும் உன் செட்டுப் பற்களும் சௌக்கியமாக இருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

இன்று காலை எழுந்ததும் முதல் காரியமாக நான் பல் தேய்க்காமல் இருந்தேன். சிரிக்காதே. ஈறு நோயில் பல்லுக்கு அடியில் எலும்பு கரைகிறதா என்று எச்சிலை வைத்தே கண்டுபிடிக்க, பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் டாக்டர் ஷரஃபுதீன் ஆராய்ச்சி செய்கிறார். எக்ஸ்ரேயில் தெரிவது ஏற்கெனவே போன எலும்பு. இப்போது போய்க்கொண்டிருப்பது எச்சிலில் தெரியலாம் என்கிறார். வெறும் வயிற்றோடு, பல் தேய்க்காமல் வரவேண்டும் என்று அவருடைய உதவியாளர் சொல்லியிருந்தாள். பிடுங்கிவிடு என்று நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு, ஆடுகிற பற்களை வெள்ளிக்கிழமை பிடுங்கிவிட இவர் லஸ்ஸில் பல் டாக்டரிடம் நாள் வாங்கியிருக்கிறார். அதற்குள் இன்னொருவரையும் கேட்டுவிடலாமே என்றுதான் போனேன்.

பல் தேய்க்காதவள் அடுப்படிக்குள் நுழையக்கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். அதனால் தெருப்பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலில் காலை எப்படி வருகிறது என்று நான் பார்த்ததே இல்லை, அக்கா. முதலில் எதிர்வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டி வெளுத்தது, பிறகு துணிக்கொடி, பிறகு அதில் மறந்துபோன ஒற்றைத் துண்டு. குளத்துப் பக்கமிருந்து ஈரக்காற்று வந்தது. நாக்கால் பல்லைத் தள்ளினேன். தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி மெல்ல ஆடியது. கரைகிற எலும்பு எச்சிலில்தான் கலக்கிறது என்றால், இத்தனை நாளாக என்னை நானே கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தோன்றியது. அப்படியே எங்கோ போய்விட்டேன். உள்ளே பால் பொங்கி வழிகிற வாசனை.

"பத்மா, டிகாக்‌ஷன் எங்கே?"

"ஃபில்டர்லதான்னா இருக்கும்."

"ஃபில்டர் எங்கே?"

"அவளைப் பேச வைக்காதேடா, ஆத்துக் காத்தெல்லாம் எச்சல்!" என்றார் நாத்தனார் கோமளம்.

போகிற வழியில், நல்ல முடிவாக வரட்டும் என்று இவர் கேசவப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தார். நான் வெளியே நின்றேன். சின்னச் சொம்பில் தீர்த்தம் கொண்டுவந்து, "கையை நீட்டு" என்றார். பழக்கம் பார், கை தானாக நீண்டது, வாய் தானாகக் குடித்தது. கல்லூரியில் டாக்டர், "பச்சைக் கற்பூரம் மணக்குதே மேடம், எச்சில் கெட்டுப்போச்சே!" என்று தலையில் கை வைத்தார். இவர் உடனே ஓடிப்போய் வீட்டுக்கு ஃபோன் செய்து சொல்ல, கோமளம், "பல் தேய்க்காத வாயில தீர்த்தமா? தீர்த்தம் கெட்டுப்போச்சேடா!" என்று அங்கே தலையில் கை வைத்தாராம்.

வாயைக் கொப்புளித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் அடையாற்றங்கரையிலிருந்து வந்த முத்தம்மா என்றொருத்தி.

"இன்னாமா, நீயும் துப்பத்தான் வந்தியா? தெருவுல துப்புனா சண்டைக்கு வராங்கோ. இங்க ஐஸு பொட்டில வெச்சி பத்திரமா எத்துக்கினு போறாங்கோ!"

வெள்ளிக்கிழமை பிடுங்கப்போகிறார்கள் என்றேன்.

"ஆடுனா புடுங்கிடணுமா? என் ஊட்டுக்காரன்கூடத்தான் டெய்லி ஆடிக்கினு வரான். புடுங்கியா போட்டேன்?"

பிறகு என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, தலையைக் குனியச் சொல்லி, கையில் ஒரு குழாயைக் கொடுத்தார் டாக்டர். "எதையும் நினைக்காதீங்க. வர்றது தானா வரட்டும். விழுங்கிடாதீங்க." எனக்கு இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை, அக்கா. வெளியே கிண்டி பஸ் போகிற சத்தம் கேட்டது. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கவே மனசில்லை.

ஆகவே உன் யோசனைப்படியே வெள்ளிக்கிழமை பிடுங்கிக்கொண்டு, செட் கட்டிக்கொண்டு, உன் பெண் வர்ஷினி கல்யாணத்துக்கு வரிசையாகச் சிரித்தபடி வந்து நிற்கிறேன். அத்திம்பேருக்கு நமஸ்காரம். கல்யாணப் பெண்ணுக்கு என் ஆசிகள். பெருமாள் எல்லோரையும் அவரவர் பல்லோடு காப்பாற்றட்டும்.

உன் தங்கை,
பத்மாசனி

பின்குறிப்பு: கடைசிப் பத்தியை எழுதும்போது இவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தார். இப்போது கறிகாய் வாங்கப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை நான் லஸ்ஸுக்குப் போகப்போவதில்லை. ஈறைச் சுத்தம் செய்து பார்க்கலாம், பிடுங்க அவசரமில்லை, மாதம் ஒருமுறை எச்சில் கொடுக்க வாருங்கள் என்றார் டாக்டர். எச்சில் என்ன சொல்லும் என்று அவருக்கே இன்னும் நிச்சயமில்லையாம். இருக்கட்டும். கல்யாணத்துக்கு என் பற்கள் ஆடிக்கொண்டே வரும். இன்னொன்று: விடியற்காலையில் பல் தேய்த்துவிட்டே வரலாமாம், அந்த உதவியாளர்தான் தப்பாகச் சொல்லிவிட்டாளாம். இதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. மாதத்தில் ஒரு காலை எனக்கு வேண்டியிருக்கிறது.