பாவற்குளத்தில் கறுத்துப்போன முகம்

வவுனியா,
20.09.2001

அன்பு மகன் யோகலிங்கத்துக்கு,

நாங்கள் இருவரும் சுகம். அந்தக் குளிரிலும் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்க வைரவரை வேண்டுகிறோம்.

காலஞ்சென்ற உன் தாய் தகப்பன் இருக்கவேண்டிய கதிரைகளில் நாங்கள் வந்து இருந்தால்தான் கலியாணம் என்றாய். விசாவுக்கு எழுதியதற்கு நோர்வேக்காரரிடமிருந்து பதிலே இல்லை. கிடைக்காது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நீயும் மனம் தளராமல், கதிரைகளில் எங்கள் படத்தை வைத்தாவது தாலி கட்டுவேன் என்று டிஜிட்டல் கமரா அனுப்பினாய். "பின்னால எங்கட குளம் தெரியவேணும் சித்தப்பா, கொன்ட்ராஸ்ட் வடிவா இருக்கவேணும்" என்று தொலைபேசியில் சொன்னாய். கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் கொன்ட்ராஸ்ட் கமராவோடு வருகிற ஏதோ உதிரிப்பாகம் என்றுதான் பட்டது. பெட்டியைக் கவிழ்த்தும் தேடினேன், இல்லை.

சரியென்று உன் சின்னம்மா இரஞ்சிதம் கூறைச்சேலை உடுத்த, நான் பட்டு வேட்டி கட்ட, பஸ் ஏறிப் பாவற்குளம் போனோம். சுட்டெரிக்கிற வெயில். சின்னம்மாவைக் குளக்கட்டில் நிறுத்தி எடுத்தேன். இந்தக் கமராவில் எடுத்த கையோடு பின்பக்கத்தில் படம் தெரிகிறதே, அதுதான் வினையாகிவிட்டது. தண்ணீர் தகடு மாதிரி மினுங்க, அதற்கு முன்னால் சேலை உடுத்த கரிக்கட்டை ஒன்று நிற்கிறது.

"இது ஆர்?"

"நீர்தான்."

அதோடு சின்னம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டா. சூரியனைப் பார்க்கத் திருப்பி எடுத்தால் கண்ணை இறுக்கி மூடுறா. கமராவை அவவிடம் கொடுத்து, நான் மதகடி வெள்ளைச் சுவரோடு நின்றேன். வேட்டியும் சேட்டும் சுவரோடு சுவராகப் போய்விட, என்னுடைய தலை மட்டும் அந்தரத்தில் தொங்குது.

கமராவைக் கண்டு ஆமிக்காரப் பெடியன் ஒருவன் வந்தான். நான் அவசரமாக அடையாள அட்டையைத் தேடினேன். அவன் சின்னம்மாவின் கரிக்கட்டைப் படத்தை உற்றுப் பார்த்து, "ஐயா, அம்மா மூஞ்சி எங்க?" என்றான். சின்னம்மா என்னைப் பார்த்த பார்வை வெயிலைவிடச் சூடு.

அப்போதுதான் கரையில் மேய்ந்த எருமையைக் கண்டேன். அதன் முதுகில் ஒரு கொக்கு, அப்படிப் பளிச்சென்று தெரிந்தது! கொன்ட்ராஸ்ட் என்பது இதுதானா? வெள்ளைக்குப் பின்னால் கறுப்பு இருக்கவேண்டுமா? ஓடிப்போய்ப் பெரிய மருதமரத்து நிழலின் விளிம்பில் சின்னம்மாவை நிறுத்தினேன். பின்னால் இருண்ட இலை, ஒரு மூலையில் குளம், முகத்தில் இதமான வெளிச்சம். கமராவைப் பெடியனிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்தக் கொக்கு மாதிரி நில்லுமப்பா."

"அப்ப எருமை ஆர்?"

கேட்டுவிட்டு அவவே சிரித்துவிட்டா. நானும் சிரித்தேன். பெடியன் பொத்தானை அமத்திவிட்டான். மகன், எங்கள் கலியாணப் படத்தில்கூட நாங்கள் இப்படிச் சிரிக்கவில்லை.

படம் உள்ள சின்ன அட்டையைப் பஞ்சில் சுற்றி இத்துடன் வைக்கிறேன். கதிரை இரண்டு, படம் ஒன்று என்று எங்களை நடுவில் வெட்டிவிடாதே. நீயும் வரப்போகும் மருமகளும் எந்நாளும் சிரித்த முகமாக வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
கதிர்காமநாதன்

பி.கு.: உறையை ஒட்டப்போகக் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. விசா தந்துவிட்டார்களாம்! படம் இனித் தேவையில்லை, அட்டையை வெளியே எடுத்துவிட்டேன். நாங்களே வந்து கதிரையில் இருக்கிறோம். ஒன்றை மட்டும் உடனே எழுது: உன் கலியாணம் வைத்திருக்கிற தை மாதம் அங்கே நிலம், மரம், கூரை எல்லாம் பனி மூடி வெள்ளையாமே? வெள்ளை வேட்டியோடு வருகிற என்னை எங்கே நிப்பாட்டிப் படம் எடுப்பாய்?